விபத்துக்குப் பின் மெலிந்துவிட்ட அப்பாவுக்கு எப்படி உணவு கொடுப்பது?

கேள்வி: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 72 வயது. சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில் முதலில் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டியவர். வேலையை விட்ட பின்பும் காலையில் மோட்டாரை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய், பசாரில் மீன் வாங்கி வருவது அவருடைய வழக்கமாக இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு தோட்டச் சாலையில் அவருடைய மோட்டாரை ஒரு லாரி இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். விலா எலும்புகளிலும் முறிவு இருந்தது. இப்போது வீட்டில் இருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் சில அடிகள் நடக்கிறார்.

என்னை அச்சுறுத்துவது அவருடைய எடை. விபத்துக்கு முன்பு 61 கிலோ இருந்தவர், சென்ற வாரம் கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தபோது 52 கிலோதான் இருந்தார். காலையில் மைலோவில் நனைத்த ரொட்டி, மதியமும் இரவும் அரிசிக் கஞ்சி, ஊறுகாய், இவ்வளவுதான் சாப்பிடுகிறார். முட்டையும் மீனும் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, தயிர் குளிர்ச்சி என்று பெரியம்மாவும் லயத்து மூத்தவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் அன்போடு சொல்வதால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. தையல் போட்ட இடம் ஏறக்குறைய ஆறிவிட்டது. ஆனால் இடுப்புக்குக் கீழே சிறிய படுக்கைப் புண் ஒன்று இன்னும் மூடவில்லை. அவருக்கு நீண்டகாலமாக இனிப்பு நீர் உண்டு. மாத்திரையோடு இரவில் இன்சுலினும் போடுகிறோம். புரட்டாசி வேறு நெருங்குகிறது. மாதம் முழுவதும் சைவம் இருப்பதை அவர் இளம் வயதிலிருந்தே கைவிட்டதில்லை.

அவருக்கு எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற உணவியலாளர், ஈப்போ

வணக்கம் மகளே. உங்கள் தந்தையின் நிலைமையை எடையே சொல்லிவிடுகிறது. இரண்டு மாதங்களில் 61 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார் என்றால், உடல் எடையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டை இழந்திருக்கிறார். ஆறு மாதங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலே அதைக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடாகக் கருதுகிறோம். இதில் கரைந்தது கொழுப்பு மட்டுமன்று, பெரும்பகுதி தசை. அவரை எழுந்து நிற்க வைப்பதும், இருமிச் சளியைத் துப்ப வைப்பதும் அந்தத் தசைதான் என்பதால், எலும்பு கூடுவதைக் காட்டிலும் தசை மீள்வதையே நான் முதலில் கவனிப்பேன்.

பெரிய காயம் பட்ட உடல், புண்ணை ஆற்றுவதற்கும் கிருமிகளை எதிர்ப்பதற்கும் தேவையான புரதத்தை உணவில் கிடைக்காவிட்டால் தன் தசையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இளைஞனின் தசை கொஞ்சம் புரதத்தைக் கண்டாலே வளரத் தொடங்கும். முதியவரின் தசையோ ஒரே வேளையில் 25 முதல் 30 கிராம் வரை புரதம் வந்தால்தான் அசைந்து கொடுக்கும். படுக்கை அந்தத் தசையை மேலும் வேகமாகக் கரைக்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோய் எதுவுமில்லாத 12 முதியவர்களைப் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். வழக்கமான அளவில் புரதம் கொடுத்தும் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. காயமும் இனிப்பு நீரும் உள்ள உங்கள் தந்தைக்கு இழப்பு இதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது அளவுக்கு வருகிறேன். முதியோர் மருத்துவ வல்லுநர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2013இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நோயிலிருந்து தேறும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. கடுமையான காயத்தில் அது 2 கிராம் வரைகூடப் போகலாம். 52 கிலோ எடைக்கு 62 முதல் 78 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலோரி, கிலோவுக்கு 30 என்ற கணக்கில் ஏறத்தாழ 1,560. படுக்கைப் புண் இருப்பதால் புரதம் மேல் எல்லையை ஒட்டியும், கலோரி இதற்குக் குறையாமலும் இருப்பதே நல்லது. கலோரி போதாவிட்டால் கொடுக்கும் புரதத்தையும் உடல் எரிபொருளாக்கிவிடும். ஆகவே சோற்றை அறவே குறைத்துவிட்டு முட்டையை மட்டும் கூட்டுவதால் பயனில்லை.

ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சியில் இரண்டு, மூன்று கிராம் புரதத்துக்கு மேல் இருக்காது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மைலோவில் மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் மிகுதி. உங்கள் தந்தை இப்போது நாள் முழுவதும் சாப்பிடுவதைக் கூட்டினால் 20 கிராம் புரதம் தேறுவதே கடினம்.

அவருக்குப் பழக்கமான உணவிலேயே தேவையான அளவை எட்டலாம். காலையில் இரண்டு முட்டை, இரண்டு தோசை, ஒரு குவளை சீனியில்லாப் பால். இதிலேயே ஏறத்தாழ 24 கிராம் வந்துவிடும். மதியம் சிறு கிண்ணம் சோற்றோடு, நடுத்தர அளவுள்ள கெம்போங் மீன் ஒன்றும், கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான பருப்பு அரைக் கிண்ணமும் கொடுத்தால் 27 கிராம் கிடைக்கும். மாலையில் அரைக் கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலை 7 கிராம் தரும். இரவில் இரண்டு தோசையும் மிருதுவாக அரைத்துச் சமைத்த கோழியும் சேர்ந்தால் 18 கிராம். இப்படி 75 கிராமை ஒட்டி வந்துவிடலாம். புரதம் முழுவதையும் மதியத்தில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். நடைப்பயிற்சியோ உடற்பயிற்சியோ முடிந்த கையோடு ஒரு வேளை உணவு வருமாறு நேரத்தை அமைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தனையையும் நாளைக் காலையிலேயே அவர் தட்டில் வைத்துவிடாதீர்கள். நீண்ட நாள்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்டு இவ்வளவு எடை இழந்த ஒருவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை ஆபத்தான அளவுக்கு இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். முதலில் கிளினிக்கில் மருத்துவரிடம் இந்த எடைக் கணக்கைச் சொல்லி, இவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும், மருத்துவமனை உணவியலாளரைப் பார்ப்பதற்கான கடிதத்தையும் கேளுங்கள். அதன் பிறகு, இப்போது சாப்பிடும் அளவிலிருந்து சில நாள்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

இன்சுலினும் இதோடு பிணைந்தது. அவர் கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் படுக்கும் இரவில் வழக்கமான இன்சுலினைப் போட்டால், விடியற்காலையில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். திடீர் வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றைக் கண்டால் உடனே சர்க்கரையைச் சோதித்து, குறைந்திருந்தால் சீனி கரைத்த நீரைக் கொடுங்கள். தெளிவாக விழுங்க முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். மறுபுறம், சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் படுக்கைப் புண் ஆறாது. உணவு மாறும் போதெல்லாம் இன்சுலின் அளவும் மாற வேண்டியிருக்கும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். உங்கள் தந்தை உட்கொள்ளும் மாத்திரை மெட்ஃபார்மின் என்றால், நெடுங்காலப் பயன்பாட்டில் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எலும்புக்காகக் கால்சியம் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரையிலும், வைட்டமின் டி 800 அலகும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாமே கால்சியத்துக்கு உதவும். நெத்திலியை ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் அதைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கெட்டித் தேநீரும் இரும்புச்சத்தை உறிஞ்ச விடாது என்பதால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது போகட்டும். புண்ணுக்கு வைட்டமின் சி வேண்டும். நம் ஊர்க் கொய்யாவில் அது தாராளமாக உண்டு. பல் இல்லை என்றால் நன்கு பழுத்ததாகப் பார்த்து, விதையை நீக்கிக் கொடுங்கள்.

மறுமொழி 2: கோல கங்சார் வாசகர்

சகோதரிக்கு வணக்கம். மேலே அம்மா அவர்கள் சொன்ன அளவுகளோடு, சமையலறையில் அவற்றை எப்படி நடத்துவது என்பதைப் பற்றி மட்டும் சில சொற்கள். இடுப்பெலும்பு முறிந்த என் தாயாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பழக்கத்தில் எழுதுகிறேன்.

பசியே இல்லாதவர் முன்னால் நிறைந்த தட்டை வைத்தால் அதைப் பார்த்தே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆகவே அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுங்கள். அவர் கஞ்சிதான் வேண்டும் என்றால் கஞ்சியையே கொடுங்கள்; ஆனால் அரிசியோடு பாசிப்பருப்பைச் சரிபாதியாகப் போட்டுக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்தால், அதே கிண்ணம் அதே ருசியோடு முழு உணவாகிவிடும். பாலில் மேலும் ஒரு கரண்டி பால் மாவைக் கரைப்பதும் இப்படித்தான். ஆனால் டின் பாலைப் பால் என்று எண்ணி ஊற்றிவிடாதீர்கள். கடைத் தேநீரில் ஊற்றும் அந்தக் கெட்டிப் பாலில் பெரும்பகுதி சர்க்கரை.

அவருக்குப் பொய்ப்பற்கள் இருந்தால் அவற்றையும் கவனியுங்கள். உடல் மெலிந்தால் ஈறும் சுருங்கிப் பல் செட்டு தளர்ந்துவிடும். வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுக் கொண்டே பலர் கஞ்சிக்கு மாறிவிடுகிறார்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்து, அதனாலும் பசி போகும். பப்பாளி, கீரை, போதுமான தண்ணீர் ஆகியவற்றோடு மருத்துவரிடம் மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். கழிவறைக்கு எழுந்து போக வேண்டுமே என்ற பயத்தில் முதியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். நீங்களே நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஆருவான் மீனைப் பற்றி யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடில்லாமல், அறுவை சிகிச்சை ஆனவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இந்த மீனைத்தான் தேடி வாங்கிக் கொடுக்கிறோம். ஊரில் விரால் என்பது இதுதான். நல்ல மீன், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பலர் சூப்பை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுச் சதையை ஒதுக்கிவிடுகிறார்கள்; புரதம் இருப்பது சதையில். முள்ளை நீக்கிச் சதையைச் சூப்பிலேயே மசித்துவிடுங்கள். கோழி எசன்ஸும் அப்படியே. ஒரு சிறு போத்தலில் ஏறத்தாழ ஒரு முட்டையின் புரதம்தான் இருக்கிறது, விலையோ பல மடங்கு.

பெரியம்மாவின் பத்தியத்தைப் பற்றி ஒரு சொல். அவர்கள் காலத்தில் தோட்டத்தில் குளிர்பதனப் பெட்டி இல்லை. பட்டணத்திலிருந்து வந்து சேரும் மீன் பல நாள் கெட்டுப்போயிருக்கும். நோயாளிக்கு அதைக் கொடுக்காதே என்று அந்தச் சூழலில் சொன்னதில் அக்கறை இருந்தது. இன்று பசாரில் புதிதாக வாங்கி அன்றே நன்கு வேகவைத்த மீனாலும் முட்டையாலும் புண்ணில் சீழ் வைக்காது. நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பெரியம்மாவையும் அழைத்துச் சென்று, டாக்டர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பிறகு மீன் குழம்பை அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். அப்பா அதைத் தட்டமாட்டார்.

மறுமொழி 3: சுங்கை பட்டாணி

இனிப்பு நீர் உள்ளவருக்கு இவ்வளவு புரதம் கொடுத்தால் சிறுநீரகம் கெட்டுவிடாதா? என் மாமாவுக்குக் கிட்னி பிரச்சினை என்று பருப்பையும் கோழியையும் குறைக்கச் சொன்னார்கள். யோசித்துச் செய்யுங்கள்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற உணவியலாளர், ஈப்போ

சரியான கேள்வி. இனிப்பு நீர் இருக்கிறது என்பதற்காக மட்டும் புரதத்தைக் குறைக்க வேண்டியதில்லை. சிறுநீரகத்தின் திறன் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தத் திறனைக் காட்டும் ஜிஎஃப்ஆர் என்ற ஓர் எண் இரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும். அது 30க்குக் கீழே இருந்து, டயாலிசிஸும் செய்யாதவர் என்றால், நான் மேலே சொன்ன அளவு அவருக்குப் பொருந்தாது. மருத்துவரும் உணவியலாளரும் சேர்ந்து தனியாக அளவு சொல்ல வேண்டும். டயாலிசிஸ் செய்பவருக்கோ புரதம் கூடுதலாகவே வேண்டும். உங்கள் மாமாவுக்குச் சொன்னது அவருடைய சிறுநீரகத்துக்காகச் சொன்னது. அதை இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. சிறுநீரகம் ஓரளவு பழுதாகியிருந்தாலும், இவ்வளவு மெலிந்துபோன முதியவர் காயத்திலிருந்து தேறும் காலத்தில் புரதத்தைக் கண்டிப்பாகக் குறைப்பது பல நேரங்களில் அவரைப் படுக்கையிலேயே வைத்துவிடும். அந்த எண்ணைக் கேட்டுப் பெறுங்கள் மகளே. முடிவை அதன் பிறகு எடுக்கலாம்.

மறுமொழி 5: ஆலயத் தொண்டர், சுங்கை சிப்புட்

தங்கைக்கு வணக்கம். புரட்டாசியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். பல ஆண்டுகளாகப் பெருமாளுக்கு விரதம் இருப்பவர். அவரிடம் போய் இந்த ஆண்டு வேண்டாம் என்று சட்டென்று சொன்னால் மனம் உடைந்துவிடும், பிறகு எதையுமே சாப்பிடமாட்டார். உடல் தேறாதவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்பது பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதுதான். ஆயினும் முடிவை அவரே எடுக்கட்டும். சைவம் இருந்துகொண்டே உடலைத் தேற்றலாம் என்றால் இருக்கட்டும்; ஆனால் சனிக்கிழமைகளில் ஒரு பொழுது மட்டும் சாப்பிடுவதை மட்டும் இன்சுலின் போடும் இவர் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சைவத்துக்கு, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே நமக்குப் பெரிய துணை. 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. பொடியாக நறுக்கி, மிருதுவாக வேகவைத்துச் சாம்பாரிலோ குழம்பிலோ போடலாம். சோயா உருண்டையை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து அரைத்தால் கொத்துக்கறி போலவே இருக்கும். காய்ந்த உருண்டையில் 30 கிராம் எடுத்தால் 15 கிராம் புரதம் கிடைக்கும். இவற்றோடு நாள்தோறும் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, இரண்டு குவளை பால், தயிர், வழக்கமான சோறும் தோசையும் சேர்ந்தால், தேவையான அளவை முட்டையும் மீனும் இல்லாமலே எட்டிவிடலாம் என்று என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் தாதியாக இருக்கிறாள். புரட்டாசியில் கடைகளில் விற்கும் சைவ ஆட்டிறைச்சி, சைவ மீன் போன்றவற்றில் உப்பு மிகுதி என்பதால் அவற்றை நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

கேட்டவர்: சுங்கை சிப்புட் மகள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை மறுநாள் கிளினிக்குக்குப் போகிறோம். பெரியம்மாவும் வர ஒப்புக்கொண்டார்கள். இன்னும் இரண்டு கேள்விகள். மருந்துக்கடையில் விற்கும் ஊட்டச்சத்துப் பால் மாவு டின் அவசியமா? எங்கள் வருமானத்துக்கு அது பெரிய செலவு. அப்பாவால் எடைக்கருவியின் மேல் நிலையாக நிற்க முடியவில்லை. உடல் தேறுகிறதா என்பதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

மறுமொழி 6: ஓய்வுபெற்ற உணவியலாளர், ஈப்போ

உணவிலேயே அளவை எட்ட முடிந்தால் டின் தேவையில்லை. முடியவில்லை என்றால் அதுவும் மருந்துக்குச் சமம். ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் முதியோருக்கான வழிகாட்டுதல், இத்தகைய பானத்தின் மூலம் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்குமாறு, ஒரு மாதமாவது கொடுக்கச் சொல்கிறது. வாங்குவதானால் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கென்று தயாரித்ததைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு வேளை உணவுக்கு இடையில் கொடுங்கள். உணவுக்குப் பதிலாக அதைக் கொடுத்தால் காசுதான் வீண். கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு மருத்துவமனை வழியாகவே கிடைக்க வழியுண்டு.

எடையை நிறுக்க முடியாதபோது, தையற்காரர் நாடாவால் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளந்து எழுதி வையுங்கள். அடிபடாத காலையே, வாரந்தோறும் ஒரே நேரத்தில், உட்கார வைத்து, பாதம் தரையில் படுமாறு அளக்க வேண்டும். 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கிறது என்று கொள்வோம். கால் வீங்கியிருந்தால் அந்த அளவை நம்ப முடியாது. வீக்கம் புதிதாக வந்திருந்தால், ஒரு காலில் மட்டும் வந்திருந்தால், வலியும் இருந்தால், அளந்துகொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பிடும்போது இருமலோ, விழுங்கிய பின் குரல் ஈரமாகக் கரகரப்பதோ இருந்தால் அதையும் நாளை மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். நெடுநாள் படுத்திருந்தவர்களுக்கு விழுங்குவதில் தளர்ச்சி வந்து, உணவு நுரையீரலுக்குள் போய்விடுவதுண்டு. அது தெளிவாகும் வரை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கரண்டியால் ஊட்டுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். சாப்பிடுவதை ஒரு தாளில் மூன்று நாள்களுக்கு எழுதி, அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் இரண்டு நாளுக்கு எழுதினாலும் போதும். அவர் தட்டில் மீதி வைத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.